பதினான்காம் மாடிக் காட்டாடு

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் புளோக்கின் லிப்ட் நின்றுபோன பத்தொன்பதாவது மாதம், பதினான்காம் மாடியின் வெளிவிளிம்பில் ஒரு காட்டாடு குடியேறியது. கறுப்பு மயிர், கொம்பிலிருந்து தோள்வரை நரைத்த பிடரி, பின்னால் வளைந்த குட்டைக் கொம்பு. மலாயில் கம்பிங் குருன் என்பார்கள். செங்குத்தான சுண்ணாம்புக் குன்றில் தனியாக வாழ்கிற பிராணி. குன்றை வெடிவைத்துச் சிமெண்டாக்கிவிட்டதால், சிமெண்ட் போன இடத்துக்கே அதுவும் வந்துவிட்டதாம். நியாயமாகத்தான் பட்டது.

விடியலிலும் அந்தியிலும்தான் மேயும். ஒன்பதாம் மாடி வீரம்மாவின் கறிவேப்பிலைத் தொட்டி முதல் வாரமே மொட்டை. புழுக்கை போடுவது ஒரே இடத்தில். அது தேர்ந்தெடுத்த இடம், நிர்வாகக் குழுத் தலைவர் பரமேஸ்வரனின் ஏர்கோன் பெட்டி. அதில் எங்களுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. கண்ணுக்குக் கீழே இருக்கும் சுரப்பியைப் பாறையில் தேய்த்து எல்லை குறிப்பது அதன் வழக்கம். இங்கே தேய்த்தது மகதலேனா ஆன்டியின் சன்னலில்.

ஆன்டிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ரயில்வேயில் ஓய்வுபெற்ற கணவர் லியனார்ட், ஆன்டியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்வீட்டு சுகுமாறனோடு சேர்ந்து பதினான்கு மாடி இறக்குவார், ஏற்றுவார். வழியில் நாங்கள் கதவைத் திறந்து, “ஆன்டி எப்படி இருக்காங்க?” என்று கேட்போம். யாரும் நாற்காலியின் ஒரு காலைப் பிடித்ததாகத் தகவல் இல்லை.

லிப்டுக்கு உதிரிபாகம் ஒருவழியாக வந்து இறங்கிய வாரம், ஆட்டைப் பிடித்துப்போக வனவிலங்கு இலாகா லோரி வரப்போவதாகவும் பேச்சு வந்தது. ஆட்டைப் பார்க்க ஷா ஆலத்திலிருந்தெல்லாம் கார் வருகிறது, டிவியில் எங்கள் புளோக் வந்துவிட்டது, விடுவோமா? ஆடு இங்கேயே இருக்கட்டும் என்று பரமேஸ்வரன் மனு எழுதினார். எங்கள் புளோக்கில் மனுவைப் படிக்கட்டு முடிகிற இடத்தில்தான் நீட்டுவார்கள். மூச்சு வாங்குகிறவன் வாசிக்கமாட்டான்.

நாற்காலியை இறக்கிவைத்த லியனார்ட், “லிப்ட் கடுதாசிதானே?” என்றார்.

“எல்லாம் நம்ம புளோக் நல்லதுக்குத்தான் அங்கிள், போடுங்க லா.”

முதல் கையெழுத்து அவருடையது.

மனு பலித்தது. ஆடு அருகிவரும் இனம், கட்டடம் அதன் வாழிடம், அது குட்டி ஈன்று வளர்க்கும்வரை இங்கே துளைபோடவோ தட்டவோ கூடாது என்று இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. ஆடு கிடா என்பதைக் கடிதம் கவனிக்கவில்லை. லிப்ட்காரர்கள் சாமானை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்றாம் வாரம் சுகுமாறன் முதுகு பிடித்துக்கொண்டு காஜாங்கில் மகள் வீட்டுக்குப் போனார். லியனார்ட் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். எல்லாருக்கும் அன்றைக்கு வேலை இருந்தது. இரண்டு டயாலிசிஸ் தவறியது. ஆன்டியின் பாதம் வீங்கி, நகம் கறுத்து, இரண்டாகப் பிளந்து குளம்பாக இறுகியது.

“நீங்க போட்ட கையெழுத்துதானே, விடுங்க. இனிமே என்னைத் தூக்கவேணாம். நானே போய்க்கிறேன்” என்று சொல்லிவிட்டு, வியாழக்கிழமை காலை ஸ்கூல் பஸ் வரும் நேரத்தில் ஆன்டி சன்னல் கிரில்லைத் திறந்து விளிம்பில் இறங்கினார். கீழே சிலர் போட்டோ எடுத்தார்கள்.

ஆன்டிக்கு இப்போது டயாலிசிஸ் வேண்டியதில்லை. மேற்குச் சுவர் அவருடையது, கிழக்குச் சுவர் கிடாவுடையது. இரண்டும் ஒன்றையொன்று ஏறெடுத்துப் பார்ப்பதில்லை; தனியாக வாழ்கிற இனம். அந்தியில் லியனார்ட் சன்னலில் கங்குங் கீரை வைப்பார். ஆன்டி வந்து தின்றுவிட்டு, கண்ணுக்குக் கீழுள்ள இடத்தைச் சன்னல் சட்டத்தில் தேய்த்துவிட்டுப் போவார். எல்லை குறிப்பதுதான், வேறொன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, அதிகாரிகள் இரண்டு ஆடு என்று பதிந்துகொண்டார்கள். லியனார்ட் அந்த ஈரத்தைத் துடைப்பதில்லை.

லிப்ட் இன்னும் ஓடவில்லை. லியனார்ட் தனியாகப் படியேறும்போது நாங்கள் வழக்கம்போலக் கதவைத் திறந்து, “ஆன்டி எப்படி இருக்காங்க, அங்கிள்?” என்று கேட்கிறோம்.

“பதினாறாவது மாடில நிக்கிறா” என்பார்.

சரி என்று கதவைச் சாத்திக்கொள்வோம்.