சன்னலோர மேசை, இரண்டாம் பந்தி

வேகவைத்த உருளைக்கிழங்கு கத்திக்கு அகப்படாமல் துள்ளித் தட்டைத் தாண்டி விழுந்து, மேசைக்கு அடியில் உருண்டுபோய் நின்றது. லிஃப்ட் மெக்கானிக் குனிந்து அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருஷமாகிறது. ஆனாலும் தெருவில் அவருக்கு இன்னும் அந்தப் பெயர்தான்.

"இரும்பு அறுக்கிற மாதிரி அறுத்தா அது ஓடாம என்ன செய்யும்?" என்றாள் அவர் மனைவி.

"சும்மா இரு. ரெண்டு கைக்கும் ரெண்டு வேலை. ஒண்ணு குத்தணும், ஒண்ணு அறுக்கணும். இதுக்கு லிஃப்ட்ல தலைகீழாத் தொங்கிடலாம்."

எதிரே மகள் உட்கார்ந்திருந்தாள். முப்பத்திரண்டு வயதாகி, தனியாகக் குடித்தனம் நடத்தினாலும் இந்த வீட்டில் அவள் பாப்பாதான். கப்பல் நிறுவனம் அனுப்பியிருந்த தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு அவள்தான் ஒரு வாரமாகப் பாடம் எடுக்கிறாள்.

"இத மட்டும் மறந்துடாதீங்க. சாப்பாட்டுக்கு நடுவுல கத்தியும் முள்கரண்டியும் இப்படி ஆளுக்கொரு பக்கம் விலகி இருந்தா, இன்னும் முடிக்கலன்னு அர்த்தம். யாரும் தட்டத் தொடமாட்டாங்க. ரெண்டையும் சேத்து ஒண்ணா வச்சிட்டா முடிஞ்சுது, எடுத்துட்டுப் போகலாம்னு அர்த்தம்."

"வாயத் தொறந்து சொன்னா ஆகாதாமா?"

"சொல்லத் தேவையில்லம்மா. அங்க எல்லாம் ஜாடைதான்."

"அப்ப உங்கப்பாவுக்குத் தோதான எடம்."

பாப்பா சிரித்தாள். அவரும் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதி வழியிலேயே நின்றுவிட்டது. உருளைக்கிழங்கை எடுத்துக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் கத்தியைப் பிடித்தார்.

ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசையில் அவரும் மனைவியும் கப்பல் ஏறப் போகவில்லை. அந்தக் கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் தம்பி பரிமாறுகிறான். அக்கா கூப்பிட்டதைக் கேட்டு வீடே தம்பி என்று கூப்பிட்டுப் பழகிய கடைசிப் பிள்ளை. அவன் வீட்டை விட்டுப் போய் ஆறு வருஷம். வருஷத்துக்கு ஒருமுறை பாப்பாவுக்கு மட்டும் போன் செய்வான். அப்பா அம்மா எப்படி என்று கேட்கமாட்டான். அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்வான். இந்த வருஷம் அவன் கப்பல் இவர்கள் துறைமுகத்திலிருந்தே கிளம்பி, நாலு நாள் கடலில் சுற்றிவிட்டுத் திரும்புகிறது என்று அவனோடு வேலை பார்த்த ஒருவன் பாப்பாவிடம் சொன்னான். இரண்டாம் பந்தியில், சன்னலோர மேசைகள் அவன் பொறுப்பு என்றும் சொன்னான். கரையில் நின்று கூப்பிட்டால் வரமாட்டான் என்பது மூன்று பேருக்கும் தெரியும். கடலுக்கு நடுவில் எங்கே போவான்?

அன்று நடந்தது பெரிய சண்டைகூட இல்லை. கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது என்று தம்பி வந்து நின்றான். என்ன வேலை என்று கேட்டார். சொன்னான். "எவன் எவனோ தின்ன எச்சில் தட்ட எடுக்கவா உன்னைப் படிக்க வச்சேன்?" என்றார் அவர்.

தம்பி கோபப்படவில்லை. "அம்மாவும் அந்த வேலைதானே செய்யறாங்க?" என்று மட்டும் கேட்டான்.

"அவ விதி. வேற வழியில்லாம செய்யறா."

தம்பி அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். மாணவிகள் விடுதியின் சமையலறையில் இருபத்தொரு வருஷமாக வேளைக்கு நூற்றெண்பது தட்டு கழுவுகிறவள் அவள். அவனுடைய பள்ளிக்கூடச் சட்டை, சைக்கிள், பல்லுக்குப் போட்ட கம்பி எல்லாம் அந்தத் தட்டுகளிலிருந்து வந்தவை. பள்ளி விட்டதும் விடுதியின் பின்வாசலுக்கு வந்து, ஈரத் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக் கொடுத்துவிட்டு அவளோடுதான் வீட்டுக்கு வருவான். அவள் ஏதாவது சொல்வாள் என்று அவன் காத்திருந்தான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்துக்கொண்டே இருந்தாள். ஒரு தலையணை உறையை நாலாக மடித்து, உதறி, திரும்பவும் நாலாக மடித்தது இன்றைக்கும் அவள் கைக்கு நினைவிருக்கிறது. மறுநாள் அவள் எழுந்தபோது அவன் செருப்பு வாசலில் இல்லை.

அதன்பிறகு வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. ஆனால் ஓய்வு பெற்ற வருஷம், ஒரு நாள் சாப்பிட்டு முடித்ததும் மெக்கானிக் தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்தார். மறுநாள் அவள் தட்டையும் சேர்த்துக் கழுவினார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாரோ என்ற பயம். கப்பல் வருகிற சேதி வந்ததும் அவரே சொன்னார்: "போய் அவன் மேசையில உக்காருவோம். அவன் கையால ஒரு வாய் சாப்பிட்டுட்டு, நான் சொன்னது தப்புன்னு சொல்லிடறேன். அவ்வளவுதானே?" அவ்வளவுதான் என்று சொல்லவே அவருக்கு ஆறு வருஷம் பிடித்தது.

பயணத்துக்குப் பதினேழு நாள் இருக்கும்போது உடல்நலப் படிவம் வந்தது. பாப்பா ஒவ்வொரு கேள்வியாக வாசித்தாள். இருமல் உண்டா? இல்லை. சமீபத்தில் அறுவை சிகிச்சை? இல்லை. தொடர்ந்து மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா?

அவருக்கு ரத்தக் கொதிப்பு. பத்து வருஷமாகக் காலையில் ஒரு மாத்திரை.

"ஆமான்னு போட்டா டாக்டர் கடுதாசி வேணும், அந்தப் பரிசோதனை இந்தப் பரிசோதனைன்னு இழுப்பாங்க. நாள் வேற இல்ல," என்றாள் பாப்பா. "இல்லன்னு போட்டுடுங்கப்பா. ஒரு சின்ன மாத்திரை. யார் கண்டுபிடிக்கப் போறாங்க?"

"பொய்யாக் கையெழுத்து போடச் சொல்றியா?"

பாப்பா பேனாவை மூடி வைத்தாள். லிஃப்டுக்குள் ஒரு அட்டை தொங்கும், பார்த்திருப்பீர்கள். சோதித்த தேதி, சோதித்தவர் கையெழுத்து. முப்பத்தெட்டு வருஷத்தில் தன் கையால் தொட்டுப் பார்க்காத ஒரு கயிற்றுக்கும் அவர் அந்த அட்டையில் கையெழுத்துப் போட்டதில்லை. மேலதிகாரி கத்தினாலும் சரி, கட்டடக்காரன் காலில் விழுந்தாலும் சரி. படிவம் இரண்டு நாள் அலமாரியின் மேல் கிடந்தது. மூன்றாம் நாள் காலையில் மனைவி வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தாள். "இல்லை" என்ற கட்டத்தில் குறியிட்டு, கீழே அழுத்தமாகக் கையெழுத்தும் போட்டிருந்தார். மகனுக்காக மனுஷன் இந்த அளவுக்கு இறங்கிவிட்டாரே என்று நினைத்துக்கொண்டே படிவத்தை உறையில் போட்டாள். வேறெதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

துறைமுகத்தில் பெரிய கொட்டகைக்குள் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். மூக்கில் குச்சி விட்டுச் சோதித்து, கால் மணி நேரம் உட்காரவைத்து, இருவர் மணிக்கட்டிலும் பச்சைப் பட்டை கட்டினார்கள். அவள் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அறுபதைத் தாண்டியவர்கள் மட்டும் இன்னொரு திரைக்குப் பின்னால் போக வேண்டும், ரத்த அழுத்தம் பார்க்க. அவர் புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு தைரியமாகப் போனார். அவள் பின்னாலேயே போனாள்.

நர்ஸ் கருவியைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். பத்து நிமிஷம் அமைதியாக உட்காரச் சொல்லி, மறுபடி கட்டினாள். பிறகு டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டருக்குப் பாப்பாவின் வயதுதான் இருக்கும்.

"ஐயா, இருநூத்திப் பத்து இருக்கு. தல சுத்தலையா உங்களுக்கு?"

"இல்ல."

"பிரஷருக்கு மாத்திரை எடுக்கறீங்களா?"

"இல்ல."

"எப்பவுமே எடுத்ததில்லையா?"

அவர் திரையின் ஓரத்தைப் பார்த்தார். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்கிற மனிதர். "பதினஞ்சு நாளா எடுக்கல," என்றார். "படிவத்துல எடுக்கறீங்களான்னுதான் கேட்டிருந்தாங்க. எடுக்கறத நிறுத்திட்டு, இல்லன்னு போட்டேன். பொய் போடல."

டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். மனைவி அவரைப் பார்த்தாள். பத்து வருஷமாகத் தண்ணீர் டம்ளரோடு அவர் கையில் மாத்திரையைக் கொடுத்து வந்தவள். இந்தப் பதினைந்து நாளும்கூடக் கொடுத்தாள். எங்கே ஒளித்தாரோ. நாக்குக்கு அடியிலா, சட்டைப் பையிலா?

"கப்பல்ல இதுக்கு மேல ஏறிச்சுன்னா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. இவர அனுப்ப முடியாது. மகன், மக யாராவது இருந்தா வரச் சொல்லுங்க, ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். உங்களுக்குத் தடையில்ல."

இருவரையும் இறக்கிவிட்டுப் பாதி வழி போயிருந்த பாப்பா வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தாள். அப்பாவைத் திட்ட வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"நானும் வந்துடறேங்க," என்றாள் மனைவி. "பேச வேண்டியது நீங்க. நான் மட்டும் போய் என்ன சொல்றது?"

"நீ போ."

"என்ன சொல்லட்டும்?"

அவர் உதட்டை நனைத்துக்கொண்டார். "சாப்பிட்டானான்னு கேளு," என்றார்.

கப்பலுக்குள் போகும் சாய்ந்த பாலத்தில் ஏறும்போது ஒருவன் புகைப்படம் எடுக்க அவளை நிறுத்தினான். பழக்கத்தில் இடது பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டு நின்றாள். "நடுவுல வாங்கம்மா," என்றான். அறையில் இரண்டு தலையணை, இரண்டு துண்டு, இரண்டு கண்ணாடி டம்ளர். மிதவைச் சட்டையை எப்படி மாட்டுவது என்று எல்லோரையும் மேல்தளத்தில் நிறுத்திக் காட்டினார்கள். அவள் முடிச்சைத் தப்பாகப் போட்டாள். யாரும் கவனிக்கவில்லை. கரை கோடாகி, கோடும் மங்கியது. பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டாம் பந்திக்கு மணி அடித்தது. கூடத்தை மேற்பார்வை பார்ப்பவர் அவளைச் சன்னலோரம், இருவர் உட்காரும் மேசைக்கு அழைத்துப் போனார். எதிர் நாற்காலிக்கு முன்னால் வெள்ளைத் துணியைக் கூம்பாக மடித்து நிறுத்தியிருந்தார்கள். தட்டை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். கனமான தட்டு. விடுதித் தட்டு மூன்றின் எடை இருக்கும். இதைப் பத்துப் பத்தாகத் தூக்கினால் மணிக்கட்டு என்னத்துக்கு ஆகும்?

தண்ணீர்க் குவளையோடு ஒரு கை நீண்டது. முழங்கைக்குக் கீழே சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு. தண்ணீர் பாதி டம்ளரில் ஒரு நொடி நின்று, பிறகு சிந்தாமல் நிரம்பியது.

"குட் ஈவினிங், மேடம்."

தோள் அகன்றிருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. முன்தலையில் முடி அப்பாவைப் போலவே ஏறத் தொடங்கியிருந்தது. "தம்பி," என்றாள். அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவன் குறிப்புப் புத்தகத்தை எடுத்தான். "இன்னொருத்தர் வர்றாங்களா மேடம்?"

"வந்தாரு. கரை வரைக்கும் வந்தாரு. பிரஷர் ஏறிப்போய் நிறுத்திட்டாங்க. உன்னைப் பாக்கணும்னு மாத்திரைய நிறுத்தி..." எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. "பாப்பாகூட ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு."

அவன் பேனாவின் மூடியை ஒருமுறை அழுத்தினான். எதிர் நாற்காலியைப் பார்த்தான். "அக்கா பாத்துக்குவா," என்றான். அந்த ஓரிரு நொடி அவன் குரல் வீட்டுக் குரலாக இருந்தது. அவள் அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள்.

"அன்னிக்கு நான் வாயத் தொறந்திருக்கணும்யா. எனக்குத் தெரியும். என் வேலையத்தான் அவரு..."

"மீன் வேணுமா, கோழி வேணுமா மேடம்?"

சன்னலில் கடல் தெரியவில்லை. கூடத்தின் விளக்குகளும் அவள் முகமும்தான் தெரிந்தன. "எது வேணா," என்றாள்.

சூப் வந்தது, போனது. மீன் வந்தது. அவன் வைக்கும்போதும் எடுக்கும்போதும் கை அவள் மேல் படவே இல்லை. நடுவில் அவன் மேற்பார்வையாளரிடம் போய்த் தலை குனிந்து ஏதோ சொல்வதையும், அவர் கையிலிருந்த பட்டியலைப் பார்த்துத் தலையாட்டுவதையும் அவள் பார்த்தாள். திரும்பி வந்தபோது கேட்டாள்: "சாப்பிட்டியா?"

"எல்லாரும் போனப்புறம்தான் நாங்க சாப்பிடுவோம்." கொஞ்சம் நின்று, ரொட்டித் துணுக்குகளைத் துடைத்துக்கொண்டே, மெதுவாகச் சொன்னான்: "நாளையிலேர்ந்து எனக்கு மேல் கூடத்துல வேலை. இந்த மேசைக்கு வேற ஆள் வருவாரு. நல்லவரு. நம்ம மொழி பேசுவாரு."

"நீயாக் கேட்டியா?"

அவன் துடைத்துக்கொண்டிருந்தான். துணுக்கு எதுவும் மீதி இல்லாத இடத்தையும் துடைத்தான்.

அவன் போனபிறகு அவள் மீனில் பாதியை வைத்துவிட்டாள். கத்தியை வலது ஓரத்திலும் முள்கரண்டியை இடது ஓரத்திலும், பாப்பா காட்டிக்கொடுத்தபடி, நன்றாக விலக்கி வைத்தாள். இன்னும் முடிக்கவில்லை. முடிக்காத தட்டை யாரும் தொடமாட்டார்கள். மடியில் கைகளைக் கோர்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அடுத்த மேசை எழுந்தது. அதற்கடுத்ததும் எழுந்தது. சிரித்துக்கொண்டு ஒரு குடும்பம் கடந்து போனது. நாற்காலிகள் உள்ளே தள்ளப்பட்டன, விரிப்புகள் உருவப்பட்டன. கூடத்தின் மறுகோடியில் விளக்குகளை வரிசை வரிசையாக அணைத்துக்கொண்டு வந்தார்கள். தம்பி மற்ற மேசைகளையெல்லாம் சுத்தம் செய்துவிட்டுச் சற்றுத் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அவளைப் பார்க்கவில்லை. தட்டைத்தான் பார்த்தான். மீனின் மேல் குழம்பு ஆடை கட்டியிருந்தது.

பிறகு வந்தான். குனிந்தான். இரண்டு விரலால் முள்கரண்டியை எடுத்து, சத்தமில்லாமல், கத்திக்குப் பக்கத்தில் சேர்த்து வைத்தான்.

"முடிஞ்சுதுங்களா மேடம்," என்றான். கேள்வியாகச் சொல்லவில்லை.

தட்டைத் தூக்கினான். பெருவிரல் உட்புறம் படாமல், உள்ளங்கையை அடியில் கொடுத்து. விடுதியின் பின்வாசலில் எட்டு வயதில் அவள் சொல்லிக்கொடுத்த பிடி. சமையலறைக் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். கதவு முன்னும் பின்னும் ஆடியது. ஆடும்போதெல்லாம் உள்ளேயிருந்து வெளிச்சமும் தட்டுகள் மோதும் ஓசையும் கொஞ்சம் கொஞ்சம் வந்தன. ஒவ்வொரு தடவையும் இடைவெளி சிறிதாகிக்கொண்டே போய், கதவு நின்றது. எதிர் நாற்காலிக்கு முன்னால், மடித்த துணிக் கூம்பு அப்படியே நிமிர்ந்து நின்றிருந்தது.