வெளியே தொங்கிய பூட்டு

இரவு வேலை முடிந்து, காலை ஏழரைக்கு ஜாலான் புசார் தெருவில் நான் குடியிருந்த கடைவீட்டின் மாடிப்படி ஏறினேன். அதே மாடியில் இருக்கும் மருதப்பனின் அறைக்குள்ளிருந்து யாரோ தட்டினார்கள். வெளியே பூட்டு தொங்கியது.

"லீலாவா?"

"ஆமா மாமா. அப்பா ரொட்டி வாங்கப் போனாரு. இன்னும் வரல. தம்பி அழுவுறான்."

கீழே காப்பிக்கடை இப்ராஹீமிடம் கேட்டேன். சாப்ஜிக்கி சூதாட்டச் சீட்டுகளோடு மருதப்பனை ஆறு மணிக்கே மாத்தா போலீஸ்காரர்கள் பிடித்துப் போயிருந்தார்கள்.

"வீட்ல யாருன்னு கேட்டாங்க. யாருமில்லன்னுட்டான்."

"பாய், நீங்களாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா சர்க்கார் வெல்ஃபேர்காரன் புள்ளைங்கள தூக்கிட்டுப் போயிடுவான்லா."

அந்தப் பயம் எங்கள் மாடி முழுக்க உண்டு. தாயில்லாத பிள்ளைகள், தகப்பனும் உள்ளே போனால் ஆளுக்கொரு விடுதி என்பார்கள். யாரும் போய் விசாரித்ததில்லை. ஆறு வயதுப் பெண்ணும் மூன்று வயதுப் பையனும் பூட்டிய அறையில் கிடக்கட்டும் என்று தெருவே வாயை மூடிக்கொண்டிருந்தது.

சுத்தியலால் பூட்டை உடைத்தேன். பக்கத்து அறையில் ரவிக்கை தைக்கும் பாக்கியலட்சுமியக்கா சின்னவனைக் கழுவிவிட்டுப் பால் கொடுத்தாள்.

"நீ போய்ப் படு ஆம்ப்ரோஸ். நான் பாத்துக்குறேன். ஸ்டேஷன் பக்கம் போவாத."

"எத்தன நாளைக்கு ஒளிச்சு வப்பீங்க? யாராவது சொல்லி அவங்களா வந்தா, நம்மள ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க."

அப்பாவைப் பார்க்காமல் சாப்பிட மாட்டேன் என்று லீலா அடம்பிடித்தாள். கூட்டிப் போனேன். அது தப்பு.

சார்ஜெண்ட் நெய்னா முகம்மது மருதப்பனை முன்னால் நிறுத்தினார். "இது உன் புள்ளயா?"

மருதப்பன் சுவரைப் பார்த்தான். "தெரியாது சார்."

லீலாவின் விரல்கள் என் கைக்குள் இறுகின. அவள் அழவில்லை.

"பூட்ட உடைச்சாச்சு மருதப்பா," என்றேன். "மறைக்க ஒண்ணுமில்ல. யாருகிட்ட விடணும்னு நீயே சொல்லு. இல்லாட்டி இவங்கதான் முடிவு பண்ணணும்."

சார்ஜெண்ட் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ராத்திரி வேலைக்குப் போறவன். கல்யாணமும் ஆவல. நீ புள்ள வளக்கப் போறியாக்கும்?"

"பகல்ல நான் பாத்துக்குறேன். ராத்திரி பாக்கியலட்சுமியக்கா. வெல்ஃபேர் ஆள் எப்ப வேணா வந்து பாக்கட்டும்."

"தூங்குறது எப்ப?"

"அது என் பாடு சார்."

மருதப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "என் மகதான் சார். லீலா. பையன் துரைசாமி. இவங்க ரெண்டு பேருகிட்டயே விடுங்க."

சார்ஜெண்ட் எழுதிக்கொண்டார். வெல்ஃபேர் அதிகாரி மூன்று மணிக்கு வந்து பார்ப்பார், அதுவரை பிள்ளைகள் எங்களிடமே இருக்கட்டும் என்றார்.

மருதப்பன் கையை நீட்டினான். லீலா போகவில்லை.

"தெரியாதுன்னீங்க."

"பயந்துட்டேன்மா."

"தம்பியும்தான் பயந்தான். நாங்க கதவத் தட்டினோம்."

நீட்டிய கையை அவன் மடக்கிக்கொண்டான். திரும்பும் வழியில் ரொட்டி வாங்கினேன். அவள் பாதியைத் தம்பிக்கென்று வைத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு அதிகாரி படியேறி வந்தபோது விழித்திருந்தேன். மருதப்பன் அறைக் கதவில் வெளியே பூட்டு மாட்டும் கொண்டியை அதற்குள் கழற்றியிருந்தேன்.