தூக்கத்தில் படிந்த விலை

துண்டுக்கடியில் விரலைக் கொடுத்தபடியே சென்னிமலை தூங்கிப்போனார். மாட்டுச் சந்தையில் பேரம் வாயால் நடப்பதில்லை. கைகளைத் துண்டால் மூடி, விரலைப் பிடித்துத்தான் தரகர்கள் விலை சொல்வார்கள். மாடு வாங்க எதிரே நின்ற ஷிஜு இன்னொரு விரலைச் சேர்த்துப் பிடித்தான். அசைவில்லை. ஆள் மசிய மாட்டேன் என்கிறார் என்று நினைத்து மேலும் ஏற்றினான். குறட்டை கேட்டபோது விலை படிந்திருந்தது.

சந்தையே சிரித்ததாம். கொல்லங்கோட்டு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, அதையே தன் சாமர்த்தியமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் யோகப்பிரியாவும் சிரித்தாள். மனைவி வள்ளியாத்தாளுக்குத்தான் வயிறு எரிந்தது. நின்ற வாக்கிலேயே தூங்குகிற மனுசன், இன்னும் விற்காத காளைகளோடு மகளையும் ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சிக்கு ஓட்டப்போகிறாராம்.

போன வாரம்தான் டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். கழுத்திலும் வயிற்றிலும் சேர்ந்த கொழுப்பு, தூக்கத்தில் மூச்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது. மூச்சு நின்று நின்று வந்தால் உடம்பு ராவெல்லாம் பதறும். சர்க்கரையும் பிரஷரும் ஏறும். தூக்கம் கெட்டால் பசி கூடும், மறுபடியும் வயிறு பெருக்கும். ஒரு ராத்திரி பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துப் பரிசோதிக்க வேண்டும். அதுவரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. இவரோ சொந்த உடம்புக்கே பேரம் பேசினார். மாத்திரைக்குச் சம்மதம். நடப்பதற்குப் பார்க்கலாம். மூச்சு அடைக்காமலிருக்கத் தூங்கும்போது முகத்தில் மாட்டுகிற காற்றுக்குழாய் மட்டும் ஆகவே ஆகாது. "மூக்கணாங்கயிறு மாட்டுக்குத்தானுங்க, எனக்கெதுக்குங்க?" டாக்டரே சிரித்துவிட்டார். இப்படிச் சிரிக்கவைத்தே தப்பிக்கிற ஆள்.

இப்போது வள்ளியாத்தாள் வண்டிச் சாவியை உருவிக்கொண்டாள்.

"குடு புள்ள. வெயிலேறுனா மாடு வாடிப்போயிரும்."

"மாடு வாடறது தெரியுது, மக சாவறது தெரியலீங்களா? ஆளு வெச்சு ஓட்டுங்க."

"எம்பட வண்டிய எவனும் தொடக்கூடாது. ஊரே எந்தூக்கத்துக்கு விலை குடுக்குது, உனக்கு மட்டும் எளக்காரம்!"

"ஷிஜு குடுத்தது மாட்டுக்குங்க. எதுக்கால வர்ற லாரிக்காரன் உங்க வெரலப் புடிச்சுப் பாத்துட்டு வரமாட்டானுங்க." கோபம் உச்சிக்கு ஏறியும் 'ங்க' விட்டுப்போகவில்லை; அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்த யோகப்பிரியா, "அப்பா நல்லாத்தானேம்மா ஓட்டுவாரு" என்றாள்.

"நீ கம்முனு எறங்கு கண்ணு. ராத்திரி உங்கொப்பனுக்கு மூச்சு நிக்கறப்ப முழிச்சுட்டு உக்காந்திருக்கறது நானு. நீ போத்திட்டுத் தூங்கறே."

சென்னிமலை ஸ்டியரிங்கின் முன் ஏறி உட்கார்ந்தார். "சாவி வர்ற வரைக்கும் எறங்கமாட்டன். நானெல்லாம் இந்த ரோட்டுல..."

ரோட்டில் என்ன செய்தார் என்பது வாயிலேயே நின்றது. தாடை சரிந்தது. குறட்டை கரகரத்து ஏறி, சட்டென்று அறுந்தது. மார்பு எக்கியது, காற்று போகவில்லை. பின்னால் ஒரு காளை காலை உதைத்தது.

வள்ளியாத்தாள் ஜன்னல் வழியாகக் கையை ஓங்கினாள். அறைவதா, தாடையைத் தூக்கிப் பிடிப்பதா என்று தெரியாமல் கை அந்தரத்தில் நின்றது.

யோகப்பிரியா அப்பாவின் மார்பிலிருந்து கண்ணை எடுக்காமல், கதவைத் திறந்து, ஒரு காலால் தரையைத் தேடினாள்.