வரிசையில் ஓர் இடைவெளி

டோரின் இரண்டு காரியங்களில் விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்று, நாடகத்தில் ரொனி சாகக் கூடாது. மற்றது, நாடகம் முடிந்த பிறகு அவன் திரும்பி வரக் கூடாது.

முதலாவதைக் கேட்ட யோகேஸ்வரி, எழுதி வைத்திருந்த தாள்களை மறுபடி புரட்டினாள். வெள்ளவத்தையில் ஒரு சேலைக்கடையின் மேல்மாடியில் வாடகைக்கு எடுத்த அறையில்தான் அவளுடைய குழு ஒத்திகை பார்த்தது. பள்ளிக்கூடங்களுக்குப் போய் வரலாற்றை நடித்துக் காட்டுவது அவர்கள் வேலை. கண்டி இராச்சியம் விழுந்தது, தோட்டங்களுக்கு ஆட்கள் வந்து இறங்கியது எல்லாம் நடித்து முடித்து, இப்போது கொழும்பில் ஆட்களைக் கடத்திய வெள்ளை வான்கள் ஓடிய காலத்துக்கு வந்திருந்தார்கள். அதற்காகத்தான் கொட்டாஞ்சேனைக்கு டோரினைத் தேடி வந்தார்கள். அவளுடைய மகன் ரொனி, கம்பியூட்டர் திருத்தும் கடையில் வேலை முடித்து காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில், இரண்டாயிரத்து எட்டில் ஒரு பின்னேரம் அப்படியொரு வானில் ஏற்றப்பட்டான். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை.

எழுதி வைத்திருந்த நாடகம் ஒரு வெள்ளைத் துணியோடு முடிந்தது. ரொனியாக நடிப்பவன் கீழே படுப்பான். மற்றவர்கள் துணியால் மூடுவார்கள்.

“படுக்கக் கூடாது,” என்றாள் டோரின்.

“அக்கா, பிள்ளைகளுக்கு ஒரு முடிவு வேணும்.”

“எனக்கும் வேணும்தான்.”

யோகேஸ்வரி அதற்கு மேல் வாதாடவில்லை. கணவன் றேமண்ட் போன பிறகு, ஒவ்வொரு கார்த்திகையிலும் இறந்தவர்களுக்கான பூசையில் வாசிக்க அவர் பெயரை எழுதிக் கொடுக்கிற டோரின், மகனுடைய பெயரை ஒருநாளும் கொடுத்ததில்லை. ஃபாதர் ஒருமுறை மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். அன்றிலிருந்து அவள் வேறு நேரத்துப் பூசைக்குப் போனாள்.

ஆகவே துணி போனது. ரொனியைக் கதவால் வெளியே கொண்டு போவார்கள். கதவு சாத்தப்படும். அவ்வளவுதான்.

இரண்டாவது பிரச்சினை ஒத்திகையில் முளைத்தது. ரொனியாக நடித்தவன் ஆகில், கொம்பனித்தெருப் பையன். வானில் ஏற்றும் காட்சியை டோரின் கண்ணை மூடாமல் பார்த்தாள். அன்று அவள் அந்த இடத்தில் இருக்கவில்லை. ஆனாலும் மனதுக்குள் பார்த்துப் பார்த்துத் தேய்ந்துபோன காட்சி அது. பிறகு நடிகர்கள் கைகோத்து வரிசையில் நின்று வணக்கம் வைத்தபோது, கதவைத் தள்ளிக்கொண்டு ஆகில் ஓடி வந்தான். நெற்றியில் வேர்வை, வாயில் பாதி பிஸ்கட், முகம் முழுக்கச் சிரிப்பு. டோரினைக் கேட்காமலே அவள் உடம்பு கதிரையை விட்டு எழுந்து முன்னால் போய்விட்டது. புத்தி பிறகுதான் வந்து சேர்ந்தது. பக்கத்தில் இருந்த மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இவர் வணக்கம் வைக்க வரக் கூடாது.”

“ஐயோ ஆன்ட்டி!” ஆகில் பிஸ்கட்டை விழுங்கினான். “சம்பளச் சல்லியும் இல்ல, இப்ப கைதட்டும் இல்லயா? எங்கட உம்மாக்குத் தெரிஞ்சா முழுசா நிப்பாட்டிப் போடுவா.”

“பிள்ளைகள் உம்மைக் கண்டா, ரொனி வந்திட்டான் எண்டு நினைச்சுக்கொண்டு வீட்ட போகுங்கள். அவன் வரேல்ல. அதைத்தான் அதுகள் படிக்க வேணும்.”

ஆகிலின் சிரிப்பு போய்விட்டது. “சரி ஆன்ட்டி. நான் வெளியிலயே நிக்கிறன்.”

கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புகளுக்கென்று ஒழுங்கு செய்த நாடகம். வரலாறு படிப்பிக்கும் சவுந்தரநாயகம் சேர் ஆறாம் வகுப்பையும் கூட்டி வந்து முன்னால் தரையில் இருத்திவிட்டார். அவர்களுக்கு ரொனியைப் பிடித்துப்போனது. வேலை செய்யாத கம்பியூட்டரைத் தட்டி அதனோடு சண்டை பிடித்தான். அம்மாவின் சாரிக்கு இஸ்திரி போடும்போது பைலா ஆடினான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே வான் வந்தது. கதவு திறந்தது. சாத்தப்பட்டது.

நடிகர்கள் கைகோத்து நின்றார்கள். நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவு வெற்றிடம்; அதன் இரு பக்கமும் நின்றவர்களின் கைகள் நீட்டியபடி இருந்தன. கைதட்டல் தொடங்கி, தடுமாறி, நின்றது.

“ரொனி அண்ணா எங்க?” என்றது ஒரு குரல்.

“இருங்க பிள்ளைகள்,” சேர் எழுந்தார். “அதுதான் நாடகம். யோசிச்சுப் பாருங்க.”

முன்னால் இருந்த இரட்டைப் பின்னல் சிறுமி யோசிக்கவில்லை. எழுந்து கதவைத் திறந்துகொண்டு போனாள். யன்னலால் டோரினுக்கு முற்றம் தெரிந்தது. சிறுமி வாசல் காவலாளியிடம், “அங்கிள், அய்யா கோ?” என்று அண்ணா எங்கே எனச் சிங்களத்தில் கேட்டாள். அவர் தெரியாது என்று தலையாட்டிவிட்டு வீதியைப் பார்த்தார். அதற்குள் வரிசை வரிசையாகப் பிள்ளைகள் வெளியே கொட்டினார்கள். சேருடைய “ஏய், ஏய்” ஒருவர் காதிலும் ஏறவில்லை. படிக்கட்டின் கீழே பார்த்தார்கள், மாதா சொரூபத்துக்குப் பின்னால் பார்த்தார்கள், கடைசியில் கூட்டமாகக் காவலாளியைச் சுற்றிக்கொண்டார்கள். அவர் சிரித்துக்கொண்டு நாடியை உயர்த்திக் கன்டீன் பக்கம் காட்டினார்.

பிளேன்ரீ கிளாசும் கையுமாக ஆகிலை இழுத்து வந்தார்கள். ‘நான் என்ன செய்ய’ என்பதுபோல் அவன் டோரினைப் பார்த்தான். வெற்றிடத்தில் அவனைத் தள்ளினார்கள். நீட்டிய கைகள் அவனைப் பிடித்தன. மண்டபம் அதிரக் கைதட்டினார்கள்.

டோரின் மடியில் கைகளை வைத்தபடி இருந்தாள். தேடினால் கன்டீனுக்குப் பின்னால் கிடைப்பான். இதைத்தான் பிள்ளைகள் படித்தார்கள்.

மூச்சு வாங்க அந்தச் சிறுமி அவளிடம் வந்தாள். “நீங்கதானே அவர்ட உண்மையான அம்மா? சேர் சொன்னவர்.”

“ஓம் மகள்.”

“நீங்க எல்லா இடமும் தேடினீங்களா?”

“தேடினனான்.” பொலிஸ் நிலையங்கள், முகாம் வாசல்கள், ஆஸ்பத்திரிப் பிண அறை. அந்த இடங்களின் பெயரைச் சொல்வதை அவள் விட்டுப் பல காலம்.

சிறுமி கொஞ்சம் யோசித்தாள். “நான் தனியாக் கேட்டப்ப அங்கிள் தெரியாதெண்டார். எல்லாரும் வந்து நிண்ட பிறகுதான் காட்டினவர். உங்களோட எத்தினை பேர் வந்தவங்க?”

டோரினுக்குத் தன் வீடிருந்த ஒழுங்கை முழுவதும் கண்முன் வந்தது. ரொனியைக் கொண்டுபோன கிழமை சாத்தியே கிடந்த கதவுகள். கோயிலில் அவளுக்குப் பக்கத்து வாங்கில் இருக்காமல் பின்னால் போன குடும்பங்கள். கெட்ட சனம் இல்லை. அவர்களுக்கும் வளர்ந்த மகன்மார் இருந்தார்கள்.

“அவன்ட அப்பா வந்தவர்.”

“வேற?”

“வேற ஒருத்தரும் இல்லை.”

சிறுமி திரும்பி, இன்னும் கத்திக்கொண்டிருந்த மண்டபத்தைப் பார்த்தாள். பிறகு டோரினைப் பார்த்தாள். “ஏன்?” என்றாள்.

மணி அடித்தது. “சுரேகா, லைனுக்கு வாங்க!” என்று சேர் கூப்பிட்டார். அவள் போனாள், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு.

யோகேஸ்வரி பக்கத்தில் வந்து நின்றாள். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அக்கா. அடுத்ததா வெள்ளவத்தைப் பள்ளிக்கூடத்தில நடத்தேக்க கதவைப் பூட்டி வைக்கிறன்.”

“பூட்ட வேண்டாம். தேடிப் போகட்டும்.”

“அப்ப ஆகில்?”

“கதவால போன உடனே பஸ் ஏறி வீட்ட போகட்டும். கண்டுபிடிக்கக் கூடாது.”

ஆகில் கிளாசில் மிச்சமிருந்த பிளேன்ரீயைக் குடித்து முடித்தான்.

“தேடித் தேடிக் களைச்சுப் போகுங்கள், அக்கா. சின்னப் பிள்ளைகள். அழுங்கள்.”

“ஓம்,” என்றாள் டோரின். “எல்லாரும் சேர்ந்துதானே அழப்போகுதுகள்.”