மாறாக் கட்டணத்தை முறித்தவள்

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பியில் ஜனவரி மாதம் வீட்டுக்குள் குளிருகிறது என்று வாய் திறந்து சொன்னால், "இன்னொரு ஸ்வெட்டரப் போட்டுக்கோ" என்பதுதான் பதில். அக்டோபர் கடைசியில் குளிர்காலத்துக்காக ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைக்கிற ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஹீட்டர் போட்டுவிட்டவளை அந்தத் தெருவே பெரிய சீமாட்டியைப் பார்ப்பதுபோல் பார்க்கும். ஹேசலும் அந்த வீம்பில் வளர்ந்தவள்தான். ஆனால் இந்த வருஷம் அவள் ஹீட்டரை அணைத்து வைத்திருந்ததற்கும் வீம்புக்கும் சம்பந்தமில்லை. பயம், சுத்தமான பயம்.

அவள் புருஷன் ரோலண்ட் நிமோனியாவில் விழுந்து டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். மீன் குளிர்கிடங்கில் உழைத்தே நுரையீரலைக் கெடுத்துக்கொண்ட மனிதன். இப்போது தேறிவிட்டான், வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறோம் என்றார்கள். ஒரே நிபந்தனை, அவன் படுக்கிற அறை பதினெட்டு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. அதற்கு முன்னால் நர்ஸ் ஒருத்தி வந்து வீட்டைப் பார்ப்பாள்.

"எங்க வீடு எப்பவும் கதகதன்னு இருக்கும் டாக்டர்" என்று ஹேசல் கூசாமல் சொல்லிவிட்டு வந்தாள். வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்று, வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினாள்.

அவள் செய்து வைத்திருந்த காரியம் அப்படி. போன செப்டம்பரில் ரோலண்ட் மின்சாரத்துக்கும் கேஸுக்கும் ஒரு வருஷத்துக்கு மாறாத கட்டணம் ஒன்றைத் தேடிப்பிடித்துப் போட்டு வைத்திருந்தான். "ஃபிக்ஸ் போட்டாச்சு புள்ள. இனி உலகமே தலைகீழா நின்னாலும் நம்ம ரேட்டு அசையாது" என்று அன்றைக்கு முழுவதும் அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தான். பிறகு அவன் படுத்தான். அவன் படுத்த அதே சமயத்தில்தான், காற்றாலைக்கும் மற்றதுக்கும் என்று பில்லில் போடுகிற பசுமை வரியில் பெரும்பகுதியை ஏப்ரலிலிருந்து எடுத்துவிடப் போகிறார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள்.

அந்த வரி என்றாலே ஹேசலுக்கு ஆகாது. கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் தூரத்தில் சுற்றுகிற காற்றாலைகளைப் பார்த்து, "அது சுத்துறதுக்கு நான் ஏன் தண்டம் அழணும்?" என்பாள். அதனால் செய்தி கேட்டதும் அவளுக்குக் குதூகலம். அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்த லோர்னாதான் அந்தக் குதூகலத்தில் மண்ணை அள்ளிப் போட்டாள்.

"உனக்கென்ன, நீதான் ஃபிக்ஸ்ல இருக்கியே. ஒரு பென்னி குறையாது உனக்கு."

"ஏன் குறையாது?"

"போட்ட ரேட்டு போட்டதுதான். வரிய எடுத்தா அந்தக் காசு கம்பெனிக்காரன் பாக்கெட்டுக்குப் போகும். நீ பழைய வரியவே கட்டிட்டு இரு, பைத்தியம் மாதிரி."

லோர்னா சொன்னால் வேத வாக்கு. கம்பெனியைக் கேட்போமே, ரோலண்டிடம் ஒரு வார்த்தை சொல்வோமே என்றெல்லாம் தோன்ற வேண்டுமே! மூக்கில் ஆக்ஸிஜனோடு கிடக்கிறவனிடம் போய் மின்கட்டணம் பேசுவதா என்று ஒரு சாக்கும் இருந்தது. அன்று சாயங்காலமே ஃபோனிலிருந்து ஒப்பந்தத்தை முறித்து, ஏப்ரலில் வரி குறையும் என்று நம்பி ஏறி இறங்கும் கட்டணத்துக்கு மாறினாள். பாதியில் முறிப்பதற்கு அபராதமும் கட்டினாள். புருஷன் தேறி வந்ததும் சொல்லி அசத்தலாம் என்று நினைப்பு வேறு.

புது வருஷம் பிறந்ததும் ரேட்டு ஏறியது. பதறிப்போய்க் கம்பெனிக்கு ஃபோன் போட்டாள்.

"ஃபிக்ஸ்ல இருக்கிறவங்களுக்கும் அந்த வரி குறையும் மேடம்" என்றது ஒரு சின்னப் பெண்ணின் குரல். "ஏப்ரல்ல நாங்களே அவங்க ரேட்டுல கழிச்சிடுவோம்."

"அப்ப என்னைப் பழைய ஃபிக்ஸ்லயே சேத்துவிடும்மா."

"அது முடிஞ்சு போச்சு மேடம். இப்ப இருக்கிறதெல்லாம் விலை கூட."

ஹேசலுக்குத் தலையில் இடி விழுந்தது. அன்றைக்கு ஹீட்டரை அணைத்தவள்தான். ரோலண்ட் வந்தால் ராத்திரி பகலாக எரிக்க வேண்டும், அதற்கு இப்போதே மிச்சம் பிடிப்போம் என்று கணக்குப் போட்டாள். கோட்டோடு சாப்பிட்டாள். கோட்டோடு தூங்கினாள். வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு, 'ஏப்ரல் வந்துடும், ஏப்ரல் வந்துடும்' என்று முனகினாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும் கோட்டைக் கழற்றி, லிப்ஸ்டிக் பூசி, சிரித்துக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை காலையில் நர்ஸ் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிட்டாள். ரேடியேட்டர் தொட முடியாதபடி சுட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். ஆனால் அது நூறு வருஷத்துச் செங்கல் வீடு. வாரக்கணக்கில் குளிரை உறிஞ்சி வைத்திருக்கும் சுவர் இரண்டு மணி நேரத்தில் சூடாகுமா?

நர்ஸ் ரொவீனா தனியாக வரவில்லை. வாசலில் அவளோடு ரோலண்டின் அக்கா ஏவ்ரிலும் நின்றாள். தம்பிக்குப் புது பைஜாமா வாங்கி வந்திருந்தாளாம். இந்த நாத்தனாருக்கு மூக்கில் வியர்த்துவிடும்!

"டீ சாப்பிடுறீங்களா?" என்று ஹேசல் கெட்டிலைப் போட்டாள். ரொவீனா டீயை வாங்கிக்கொண்டாள், கோட்டைக் கழற்றவில்லை. படுக்கையறைக்குப் போய்க் கட்டில் தலைமாட்டில் சின்னத் தெர்மாமீட்டரை வைத்தாள். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முள் பதின்மூன்றில் நின்றது.

"பாய்லர் கொஞ்சம் மக்கர் பண்ணுது" என்றாள் ஹேசல்.

ரொவீனா ரேடியேட்டரைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை இழுத்தாள். "பாய்லர் நல்லாத்தான் கொதிக்குது கண்ணு. சுவருதான் ஐஸா இருக்கு."

ஏவ்ரில் அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தினாள். பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூசணம்.

"எத்தன நாளா ஹீட்டர் போடல ஹேசல்?"

ஹேசல் இன்னொரு பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. லோர்னா, வரி, ஃபிக்ஸ், அபராதம் எல்லாவற்றையும் விக்கி விக்கிக் கொட்டித் தீர்த்தாள்.

"என் தம்பி மூச்சுக்குப் போராடிட்டு இருக்கான், நீ இங்க சூதாட்டம் ஆடிட்டு இருந்தியா?" என்றாள் ஏவ்ரில்.

"அவனுக்காகத்தான் மிச்சம் புடிச்சேன்!"

"நல்லா புடிச்ச போ. அவன் எங்க வீட்டுக்கு வரட்டும்."

ரொவீனா ஹேசலின் கையைப் பிடித்து, "சுவர் சூடேறி ஈரம் போகணும்னா ரெண்டு மூணு வாரமாவது ஆகும்மா. அதுவரைக்கும் அவர இங்க அனுப்ப முடியாது. அந்தப் பூசணம் அவர் நுரையீரலுக்கு விஷம்" என்று மெதுவாகத்தான் சொன்னாள். மெதுவாகச் சொன்னதுதான் ஹேசலுக்குப் பொறுக்கவில்லை.

அன்று மாலை ஆஸ்பத்திரியில், ஏவ்ரில் முந்திக்கொள்வதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டுமென்று ஓடினாள். இந்தத் தடவை கோட்டைக் கழற்றவில்லை. ரோலண்ட் கடைசிவரை கேட்டான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை.

"எத்தன நாளா கோட்டோட தூங்குற?" என்றான்.

"அத விடு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே புள்ள. நான் இங்க ஓசில கதகதன்னு படுத்துக்கிட்டு, உனக்கு ஃபிக்ஸ் போட்ட ராஜான்னு நினைச்சிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அடி வாங்கியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

வெள்ளிக்கிழமை ஏவ்ரிலின் கார் அவனை ஏற்றிக்கொண்டு போனது. 'நீயும் வா' என்று அவள் ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. ஹேசல் வீட்டுக்கு வந்து, அறையில் ஹீட்டரை எரியவிட்டு, காலிக் கட்டிலில் உட்கார்ந்தாள். பில் என்ன வரும் என்று நினைக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அவன் இனி இந்த வீட்டுக்குத் திரும்புவானா என்பதுதான் கவலை.

இருட்டும் நேரத்தில் ஃபோன் அடித்தது. ரோலண்ட்தான். ரகசியக் குரலில் பேசினான்.

"ஏய் புள்ள, இவ வீடு ரொட்டி சுடுற அடுப்பு மாதிரி கிடக்கு. 'நான் ஃபிக்ஸ்ல இருக்கேன்'னு சொல்லிச் சொல்லியே எரிக்கிறா. நாக்கு வறண்டு போச்சு, மூச்சு முட்டுது. அவகிட்ட சொன்னா கோவிச்சுக்குவா. நீ சொல்லு, நான் என்ன பண்ணட்டும்?"

அவன் அவளைத்தான் கேட்டான். ஹேசல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஜன்னலக் கொஞ்சம் தொறந்து வை" என்றாள்.

அந்தப் பக்கம் ஜன்னல் திறக்கிற சத்தமும், பிறகு அவன் நிம்மதியாக மூச்சை இழுக்கிற சத்தமும் கேட்டன. இந்தப் பக்கம் ஹேசல் கோட்டு நுனியை வாயில் அடைத்துக்கொண்டு, அவனுக்குக் கேட்காதபடி அழுதாள்.