டெய்சிக்கு ரொட்டி

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் பாறை அடைத்துக்கொண்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கல் இறங்கும் சரிவுக் குழாயில் கடப்பாரையால் நாலு குத்து குத்தினால் கடகடவென்று இறங்கிவிடும். இந்த ஏனோக்கின் கெட்டிக்காரத்தனம் அவ்வளவு பிரசித்தம். வீட்டில் என் மூன்று வயது மகள் டெய்சி நாள் கணக்கில் வெளிக்குப் போகாமல் துடித்துக்கொண்டிருந்தாள்.

சுரங்கத்து வெள்ளைக்கார மேலாளர் கேப்டன் துரை வீட்டுப் பிள்ளை ரொட்டியும் பிஸ்கட்டும் தின்பதை ஜன்னல் வழியே பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து என் மகளும் துரைசானிதான். இனி அவளுக்குக் கேழ்வரகும் கீரையும் வேண்டாம், அதெல்லாம் நம் சொந்த ஊர் ஆர்க்காட்டோடு போகட்டும் என்று உத்தரவு போட்டேன். வயிறு கல்லாகி, உட்காரும்போதெல்லாம் பிள்ளை அலறினாள். வலிக்குப் பயந்து அடக்கவும் பழகிக்கொண்டாள். என் மனைவி ஐடா கேழ்வரகுக் களி கிண்டித் தரட்டுமா என்று கேட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். விளக்கெண்ணெய் கொடுத்தோம், துப்பினாள். பிள்ளையைப் பறிகொடுத்துவிடுவேனோ என்று உள்ளுக்குள் நடுங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபக்குறிப்பு சொல்லும் நேரத்தில் எழுந்து, மகளுக்கு வயிறு சரியில்லை என்றேன். அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று உபதேசியார் கேட்டார். ரொட்டி, பிஸ்கட் என்று கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னேன்.

“நீங்க இன்னா சாப்புடுறீங்க?”

“களியும் கீரையும்தாங்க. அது துன்னாத்தான் நமக்குக் காலையில சுளுவா போவும்.”

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. நான் சொன்னது என் காதுக்கே எட்டக் கொஞ்ச நேரமாயிற்று. ஐடா மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளையை மார்போடு அணைத்து அழுதுகொண்டிருந்தாள். ஜெபம் முடியும்வரை நான் தலைதூக்கவில்லை.

அன்றே அற்புதம் எதுவும் நடந்துவிடவில்லை. ரொட்டியை நிறுத்திவிட்டு, கீரை கடைந்து, களியைக் குழைத்து, தண்ணீரும் நிறையக் கொடுத்தாள் ஐடா. ஊட்டும் வேலை எனக்கு. இரண்டொரு நாள் கழித்து, நான் ஷிப்டுக்குக் கிளம்பும் நேரத்தில், டெய்சி தானாகவே வீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். முக்கினாள், முகம் சிவந்தது, ஆனால் அழவில்லை. காரியம் முடிந்தது.

எத்தனையோ தங்கப் பாறையைக் கேஜ் என்கிற கூண்டு லிப்டில் ஏற்றி மேலே அனுப்பியிருக்கிறேன். எதையும் இப்படிக் குனிந்து, கண்ணில் நீர் வழிய, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிப் பார்த்ததில்லை.

“இன்னா நயினா பாத்துகினு கீற?” என்றாள் மகள். “தண்ணி கொண்டா.”