நூற்று நாற்பது படம், ஒரு முகம் இல்லை

அப்பாவைக் காணவில்லை என்று எழுதிக்கொடுக்கப் போனவளிடம் ஏட்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான்: முகம் தெரிகிற மாதிரி ஒரு படம். அவள் பையைத் திறந்து தான் எடுத்த படங்களின் கட்டு ஒன்றை மேஜையில் வைத்தாள். நூற்று நாற்பதும் கருப்பு வெள்ளை. ஏட்டு புரட்டினார். மூட்டை சுமக்கும் முதுகு. பித்தவெடிப்பு விழுந்த குதிகால். சோப்பு நுரைக்குள் கை. ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு காது.

"இதுல உங்கப்பா எங்கம்மா?"

"எல்லாமே அவர்தான் சார்."

"திருடன்கூட மூஞ்சியக் காட்டிட்டுப் போறான்" என்றார் ஏட்டு, பக்கத்து மேஜையைப் பார்த்து. அங்கே சிரித்தார்கள். பிறகு கொஞ்சம் இறங்கிவந்து, சட்டை என்ன கலர் என்றாவது சொல்லச் சொன்னார். அவளுக்குச் சாம்பல் நிறம்தான் கண்ணுக்குள் நின்றது. அவள் படத்தில் எந்தச் சட்டையும் சாம்பல்தான்.

கிடங்கில் மூட்டை சரிந்து தலையில் அடிபட்டதிலிருந்து அப்பாவுக்கு மறதி. நேற்றுக் காலை, வேலையே இல்லாத மனிதர், வேலைக்கு நேரமாச்சு என்று கிளம்பிப் போய்விட்டார். அடையாள அட்டை சட்டைப்பையோடு போய்விட்டது. அதன் ஜெராக்ஸில் முகம் இருந்த இடத்தில் கரி அப்பியிருந்தது. கல்யாணப் படத்தில் நின்றவனோ மீசை அரும்பிய வேறு எவனோ.

அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் அவள். முகம் மலிவு, எவன் வேண்டுமானாலும் எடுப்பான், உடம்பைப் பேசவிடு என்று அங்கே படமெடுக்கக் கற்றுக்கொடுத்த வாத்தியார் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அப்பா பாவம், தலையை வாரி, பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டு கேமராவுக்கு எதிரே வந்து நிற்பார். திரும்பிக்குங்கப்பா என்பாள். திரும்பிக்கொள்வார். அந்த முதுகுக்குப் பரிசு வந்தது. கீழே 'உழைப்பாளி' என்று போட்டிருந்தார்கள். பேர் போடவில்லையே என்று அவளும் கேட்கவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு போய் வாங்கிவந்தாள்.

வீட்டுக்கு வந்து நெகட்டிவ் சுருள் அத்தனையையும் ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றே ஒன்றில் அப்பா நேராக நின்றார், வாசலில், பின்னால் வெயில். குளியலறையை அட்டை வைத்து இருட்டாக்கி, சிவப்பு விளக்கைப் போட்டு, நெகட்டிவ் வழியே தாளில் வெளிச்சம் விழவிட்டு, அதை மருந்துத் தட்டில் அமுக்கினாள். வாசல் வந்தது. கொடியில் துணி வந்தது. நடுவில் அப்பா ஆள் உயரத்துக்கு இருட்டாக வந்தார். வெளிச்சத்தைக் குறைத்து இன்னொன்று போட்டாள். இன்னொன்று. ஏழாவது தாளில் கருப்பு சாம்பலானது, அவ்வளவுதான். கண் இல்லை, வாய் இல்லை. ஃபிலிமிலேயே அந்த இடம் வெறிச்சென்று கிடந்தது. அன்றைக்குக் கேமராவில் வெளிச்ச அளவை வெயிலுக்கு வைத்தவள் அவள்தான். அப்பாவுக்கு வைக்கவில்லை.

"வந்துச்சா?" கதவுக்கு வெளியே அம்மா.

"இல்லம்மா."

"இத்தன வருஷம் அவரையே சுத்திச் சுத்தி வந்தியேடி. நீ என்னதான் பாத்த?"

அம்மா கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

பரிசு வாங்கிய முதுகையே எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு ஓடினாள். சுமைக்காரர் ஒருவர் படத்தை வாங்கிச் சாய்த்துப் பார்த்தார்.

"இது நான்தானேம்மா? எப்ப எடுத்த?"

நீ இல்லைடா, நம்ம மொட்டை என்றார் இன்னொருவர். இருவரும் நிஜமாகவே சண்டை போட்டுக்கொண்டார்கள். மூன்றாமவர் மூத்தவர்; படத்தை விடும்மா, ஆள் எப்படி இருப்பார் சொல்லு, பார்த்தால் பிடித்து வைக்கிறோம் என்றார்.

சொல்ல ஆரம்பித்தாள். நரைத்த மீசை. கன்னத்தில் மச்சம். வலதா இடதா என்று கேட்டார். தன் இரண்டு கன்னத்தையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தாள். அங்கே நடமாடிய கிழவர்களில் பாதிப் பேருக்கு நரைத்த மீசை.

"நான் அச்சு அசல் எங்கப்பான்னு எல்லாரும் சொல்வாங்கண்ணே. என்னப் பாத்து வச்சுக்குங்க."

முன்முடியை இரண்டு கையாலும் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு, முகத்தில் வெயில் விழுகிற பக்கமாக நின்றாள். அவர்கள் சங்கடத்தோடு பார்த்தார்கள். அடுத்த பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் இறங்குவதற்குள் அவர் எதிரில் போய் நின்று, முடியைப் பிடித்த கையை எடுக்காமலே, நல்லாப் பாருங்க சார் என்றாள்.